ஆளுக்கொரு கேள்வி

கொத்தமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் ஆச்சி ஒருவர் சென்ற வாரம் பேரனோடு ஊர் திரும்பினார். பையனுக்கு 2 வயது. மஞ்சட்காமாலை கண்டு, வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் 11 நாள் இருந்துவிட்டு, இப்பொழுது வளவில் ஓடிக் களித்துக் கொண்டிருக்கிறான். விசாரிக்கப் போன எனக்குக் காப்பி கிடைத்தது. கூடவே ஒரு நீண்ட குற்றப்பத்திரிகையும் கிடைத்தது.

"மருந்தெல்லாம் நல்ல மருந்துதான், வாத்தியாரய்யா. டாக்டரம்மாவும் தங்கமானவுக. ஆனா ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து கேள்வி கேக்குறாக. காலையிலே ஒரு பொண்ணு. பத்து மணிக்கு ரெண்டு பையன். சாயங்காலம் ஒரு கூட்டம். அத்தனை பேருக்கும் அதே கதையைச் சொல்லணும். அதுவும் நிக்க வச்சே கேக்குறாக. ஒரு பையன், பாலை எந்தப் பாத்திரத்திலே காச்சுவீங்கன்னு கேட்டான். பிள்ளைக்குக் கண்ணு மஞ்சளாக் கெடக்கு. இவனுக்கு என் பால்சட்டி எதுக்கு?"

பால்சட்டி என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆச்சிக்கு அற்பமாய்த் தோன்றிய அந்தக் கேள்விக்குப் பின்னால் நம் தேசத்து வைத்தியர்களின் சரித்திரம் ஒன்று இருக்கிறது. அதை ஆச்சிக்குச் சொன்னேன், நேயர்களுக்கும் சொல்லுகிறேன்.

நம் பாட்டிமார் காலத்தில் 'ஈரல்கட்டி' என்ற சொல்லைக் கேட்டாலே பெற்றவர் வயிறு கலங்கும். ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குள், கொழுகொழுவென்று இருக்கும் குழந்தை சிணுங்கத் தொடங்கும். வயிறு உப்பும். ஈரல் வீங்கிக் கல்லைப்போல் இறுகும். பிறகு காமாலை, பிறகு நீர்க்கோவை, அநேகமாகச் சில மாதங்களுக்குள் முடிவு. ஒரு குழந்தையைப் பறிகொடுத்த வீட்டிலேயே அடுத்த குழந்தைக்கும் வருவதுண்டு. ஆகவே திருஷ்டி என்றார்கள், தோஷம் என்றார்கள், குலத்தின் சாபம் என்றார்கள். பத்திரிகைகளிலே ஈரல்கட்டி மருந்து விளம்பரத்துக்கும் குறைவில்லை. சோற்றுக்கில்லாத வீடுகளைவிட, பாலும் நெய்யும் உள்ள நடுத்தரக் குடும்பங்களையே இந்நோய் அதிகம் நாடியது என்பதுதான் விசித்திரம்.

1887-லேயே கல்கத்தாவில் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஆனால் மேல்நாட்டுப் பாடபுத்தகங்களைப் புரட்டி இதற்கு வழி காண முடியாது. அங்கே இந்த நோய் மிக அபூர்வம். நம்முடைய குழந்தையின் நோயை நம்முடைய ஆஸ்பத்திரியில்தான் ஆராய வேண்டியிருந்தது.

சென்னையில் எழும்பூர் ஸ்திரீகள் ஆஸ்பத்திரியை ஒட்டி, 1940-களின் இறுதியில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு வளரத் தொடங்கியது. அதை வளர்த்தவர் டாக்டர் எஸ். டி. ஆச்சார். பிற்காலத்தில் அவர் பெயரால் வழங்கிய குழந்தை வைத்திய நூலைப் பல தலைமுறை மாணவர்கள் படித்தார்கள். அந்தப் பிரிவே பெரிதாகி, 1968-ல் ஹால்ஸ் ரோடிலுள்ள இப்போதைய இடத்துக்கு மாறியது. அதுவே சென்னை வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரி. ஆச்சாரும் அவருடைய சகாக்களும் ஈரல்கட்டிக் குழந்தைகளைப் பொறுமையோடு கவனித்து, ஈரலின் மிகச் சிறு துணுக்குகளைப் பூதக்கண்ணாடியில் ஆராய்ந்து, 1960-ல் விரிவானதொரு கட்டுரை வெளியிட்டார்கள். நோயின் உருவம் தெளிவாயிற்று, காரணம் தெளிவாகவில்லை.

அதற்கு மேலும் இருபது வருஷம் பிடித்தது. 1979-ல், இந்தக் குழந்தைகளின் ஈரலில் அளவுக்கு மிஞ்சிய செம்பு சேர்ந்திருப்பது வெளியாயிற்று. செம்பு எப்படி அங்கே போயிற்று? புனாவிலுள்ள கே. இ. எம். ஆஸ்பத்திரி டாக்டர்களும், இங்கிலாந்திலிருந்து வந்து அவர்களோடு உழைத்த டாக்டர் டானரும், நோயுற்ற குழந்தைகளின் தாய்மாரிடம் சமையற்கட்டு விவரங்களைத் துருவித் துருவிக் கேட்டார்கள். எந்த மாதத்தில் புட்டிப்பால்? மாட்டுப் பாலா, எருமைப் பாலா? எதில் காய்ச்சுவது, எதில் ஊற்றி வைப்பது? நோயில்லாத வீடுகளிலும் அதே கேள்விகள். விடை பித்தளைப் பாத்திரத்தில் இருந்தது. ஈயம் பூசாத, அல்லது பூசின ஈயம் தேய்ந்துபோன பித்தளையிலும் செம்பிலும் பாலைக் காய்ச்சி வைத்தால் செம்பு பாலில் இறங்குகிறது. பெரியவர்களின் ஈரல் அதைப் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். பச்சைக் குழந்தையின் ஈரலுக்கு அந்தச் சக்தி போதாது. தாய்ப்பாலே குடித்த குழந்தைக்குப் பாத்திரத்தின் ஆபத்தே இல்லை. 1983-ல் இந்த ஆராய்ச்சி உலகறிய வெளிவந்தது.

ஒரே விதமான சட்டியில் பால் குடித்த குழந்தைகளில் சிலருக்கு மட்டுமே நோய் வந்ததால், பிறவியிலேயே ஏதோ ஒரு பலவீனமும் கூடியிருக்க வேண்டும் என்று டாக்டர்கள் நினைக்கிறார்கள். எப்படியானாலும், தாய்ப்பாலை வற்புறுத்தி, சட்டியை மாற்றச் சொல்லி, செம்பை வெளியேற்றும் மருந்தையும் கொடுத்தபோது பலன் கண்டது. எவர்சில்வரும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. 1990-களுக்குள் ஈரல்கட்டி அபூர்வமாகிவிட்டது. இன்றைய இளம் டாக்டர்களில் பலர் அதைப் புத்தகத்தில் படித்திருப்பார்களே தவிர, கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள்.

கல்லூரியைச் சேர்ந்த குழந்தை ஆஸ்பத்திரிக்கும் மற்ற ஆஸ்பத்திரிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. கட்டிலில் கிடக்கும் குழந்தையைக் குணப்படுத்துவதோடு அதன் வேலை தீருவதில்லை. இந்தக் குழந்தைக்கு ஏன் வந்தது, அடுத்த குழந்தைக்கு வராமல் எப்படித் தடுப்பது என்பதையும் அது கேட்டாக வேண்டும். கேட்டதை எழுதி வைக்க வேண்டும். கேட்கத் தெரிந்த மாணவர்களைத் தயார் செய்ய வேண்டும். லண்டனில் டாக்டர் சார்லஸ் வெஸ்ட் 1852-ல் பத்தே கட்டில்களோடு குழந்தைகள் ஆஸ்பத்திரி தொடங்கியபோதும், பம்பாயில் 1929-ல் வாடியா குடும்பத்தார் தொடங்கியபோதும், குழந்தை என்பது சின்ன அளவில் செய்த பெரிய மனிதன் அல்ல என்பதே அடிப்படை. மருந்தின் அளவு வேறு, வியாதிகள் வேறு, 'இங்கே வலிக்கிறது' என்று சொல்ல வாயும் கிடையாது. அதனால் தாயைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் செட்டிநாட்டுத் தனவந்தர்கள் கட்டிடம் கட்டிக் கொடுப்பதில் சளைத்தவர்களல்லர். பெயர்ப் பலகை மாட்ட இடமில்லாத காரியங்களுக்குத்தான் கை சற்றுச் சுருங்குகிறது. பழைய நோட்டுகளைக் கெடாமல் காப்பது, ஒரு மாணவனை இரண்டு வருஷம் ஒரே நோயை ஆராய விடுவது போன்றவற்றுக்கும் பணம் வேண்டும். சிவகங்கையிலேயே 2012 முதல் சர்க்கார் வைத்தியக் கல்லூரி நடக்கிறது, நம்மவர்கள் யோசிக்கலாம்.

அதற்காக ஆச்சியின் புகாரை நான் தள்ளிவிடவில்லை. நோயுற்ற குழந்தை பொம்மையல்ல. மாணவர் கூட்டம் சூழ்ந்து வயிற்றை அமுக்குமுன் தாயிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும். இருபத்தைந்து பேர் பார்ப்பதற்குப் பதில் ஐந்து பேர் பார்த்தால் பாடம் குறைந்துவிடாது. நானும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிறவன்தான். கேள்வி கேட்கக் கற்றுக் கொடுக்கும்போதே மரியாதையையும் கற்றுக் கொடுக்கலாம்.

நான் சொல்லி முடித்ததும் ஆச்சி சற்று நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து உள்ளே போய், சாமான் அறையிலிருந்து ஒரு பித்தளைச் சட்டியைக் கொண்டு வந்தார். உள்ளே ஈயம் திட்டுத் திட்டாகப் போயிருந்தது.

"எங்க ஆத்தா சட்டி. எனக்கு முன்னாடி ரெண்டு அண்ணன்மார். ரெண்டு பேருக்கும் வயித்துக்கட்டிதான். ஆத்தா சாகுற வரைக்கும் தன்னைத்தான் வைஞ்சுக்கிட்டு இருந்தாக" என்றார்.

பேரன் ஓடி வந்து சட்டியைத் தட்டி ஒலி எழுப்பினான். அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு ஆச்சி சொன்னார்:

"வர்ற வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்காக. அந்தப் பையன் கேட்டா, ஆத்தா சட்டியைப் பத்தியும் சேத்துச் சொல்லிடறேன். உக்கார ஒரு நாற்காலி மட்டும் போடச் சொல்லி எழுதுங்க."

எழுதிவிட்டேன்.