வரப்புல இருக்கற கரிசலாங்கண்ணி நரையைக் கருப்பாக்காது

சென்னையில இருக்கற சித்தப்பா மகன் போன வாரம் போன் பண்ணான். "அண்ணே, நம்ம வரப்புல கரிசலாங்கண்ணி மண்டிக் கெடக்குமே, காயவச்சுப் பொடி பண்ணி ஒரு கிலோ அனுப்புங்க. டை போட்டுப் போட்டு பயமா இருக்கு."

அனுப்பறதுல சிரமம் ஒண்ணும் இல்ல. நெல் வயல்ல அது எங்களுக்குக் களை. ஆனா மாட்டேன்னுட்டேன். அவனுக்குச் சொன்ன காரணத்தை உங்களுக்கும் சொல்றேன்.

போன வருஷம் மாங்கனித் திருவிழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி. அழகே வேண்டாம்னு பேய் உருவம் கேட்டு வாங்கின காரைக்கால் அம்மையாருக்குத்தான் விழா. ஆனா பார்க்கப் போற நமக்கு மீசை கருப்பா இருக்கணும்! கடையில ஒரு சின்ன பாக்கெட் வாங்கினேன். அட்டையில மருதாணி இலை படம், பக்கத்துல 'ஹெர்பல்'. காதோரமும் மீசையும் மட்டும்தான். பழைய டூத் பிரஷ்ஷால தடவி அரை மணியில கழுவிட்டேன்.

மறுநாள் ராத்திரியே அரிப்பு. விழாவன்னைக்குக் காலையில இமை வீங்கிக் கண்ணைத் தொறக்க முடியலை, காதோரம் நீர் வடியுது. ஊரே மாடியிலேர்ந்து வீசற மாம்பழத்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்தப்ப நான் ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன்.

"பத்து வருஷமா போடறேனே டாக்டர், ஒண்ணும் ஆகலையே"ன்னேன். "இது அப்படித்தான் வரும்"னார். கருப்பு டை பலதுல பிபிடி, அதாவது பாராபினைலீன்டயமின்னு ஒரு ரசாயனம் உண்டு. பல தடவை சும்மா இருக்கும். உடம்பு ஒரு நாள் அதை எதிரின்னு முடிவு பண்ணிட்டா, அப்புறம் எப்ப போட்டாலும் வீங்கும். பெரும்பாலும் ஆயுசுக்கும் மாறாது. வீட்டுக்கு வந்து பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தா, பின்னாடி எறும்பு சைஸ் எழுத்துல பிபிடி இருக்கு. முன்னாடி இலை, பின்னாடி ரசாயனம்.

செடியைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். மருதாணி இலை தனியா கருப்பு தராது. நரையில செம்பட்டையாத்தான் பிடிக்கும். அதைக் கழுவிட்டு மேல அவுரிப் பொடி போட்டா கருமை வரும். ரெண்டுக்கும் சேர்த்து சில மணி நேரம் பிடிக்கும், முழு நிறம் ஏற இன்னும் ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். கரிசலாங்கண்ணியைக் கசக்கினா கை கருக்கும், அந்தச் சாறை வச்சு பச்சை குத்தின காலமும் உண்டு. அதனால தலையும் கருக்கும்னு நெனைக்கறோம். எங்க அம்மா ஆயுசு முழுக்க அந்த எண்ணெய்தான் தேய்ச்சாங்க, அறுபதுல தலை தும்பைப்பூ.

டை போடறதை நான் தப்புன்னு சொல்லலை. அது அவங்கவங்க ஆசை. ஆனா இலைப்பொடின்னு வாங்கினது பத்து நிமிஷத்துல கன்னங்கரேல்னு ஆக்குதுன்னா அதுல இலை மட்டும் இல்ல. 'கிராமத்துல அரைச்சது'ன்னு வித்தாலும் இதே கணக்குதான். கிராமத்தான் நானே சொல்றேன்.

டை பாக்கெட்ல எச்சரிக்கை இருக்கணும், உள்ளூர் மொழியிலயும் இருக்கணும்னு நம்ம சட்டத்துலயே இருக்கு. இருக்கு, ஆனா நாப்பது வயசுக்கு மேல நரைச்சவன் கண்ணுக்குத் தெரியற அளவுல இல்ல. சலூன்ல ஒரு பாக்கெட்டைக் கலக்கி மூணு பேருக்குத் தடவறாங்க, அங்க அட்டையைப் பார்க்கறது யாரு? அந்த எச்சரிக்கை முன்பக்கம், இலை படம் இருக்கற இடத்துல வரணும்.

அதுவரைக்கும் நாமதான் பார்த்துக்கணும். ஒவ்வொரு தடவையும் காதுக்குப் பின்னால ஒரு பொட்டு வச்சு 48 மணி நேரம் பாருங்க. அரிச்சா அதோட விட்டுடுங்க. புருவத்துல, இமையில போடவே போடாதீங்க, கண்ணு போயிடும்.

இந்த ஆனியில வெள்ளை மீசையோடதான் விழாவுக்குப் போனேன். ரெண்டு மாம்பழம் கிடைச்சுது.