பெயரை மறைக்கலாம், தொடர்பை மறைக்கக் கூடாது
இணையத்தில் வாசகர் எழுதும் நூல் மதிப்புரைகள் குறித்து எங்கள் வாசகர் வட்டத்தின் நிலைப்பாடு

அமேசான், குட்ரீட்ஸ் போன்ற தளங்களில் நூல்களுக்கு மதிப்புரை எழுதும் வாசகர்கள் தங்கள் உண்மைப் பெயரைக் காட்டித்தான் ஆக வேண்டுமா? போலி மதிப்புரை பற்றிப் புகார் கிளம்பும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் எழுகிறது. பெயரைக் கட்டாயமாக்கினால் பொய் தானாக ஒழியும் என்று கருதுவோர் எங்கள் வட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் தரப்பையும் கேட்ட பிறகு பெரும்பான்மையோர் ஏற்ற நிலைப்பாட்டை இங்கே வைக்கிறோம்.

நிலைப்பாடு

1. வாசகர் புனைபெயரில் மதிப்புரை எழுதலாம். அந்த உரிமை காக்கப்பட வேண்டும்.
2. எழுதுபவருக்கும் நூலுக்கும் உள்ள தொடர்பை மறைக்கக் கூடாது. உறவு, நட்பு, தொழில், போட்டி, பணம், இலவசப் பிரதி என எதுவானாலும் அதை மதிப்புரையிலேயே சொல்லிவிட வேண்டும்.
3. படிக்காத நூலுக்கு நட்சத்திரம் போடக் கூடாது.

மதிப்புரை யாருக்காக?

இந்த நூலை வாங்கலாமா, இதற்காகச் சில மாலைகளை ஒதுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் இன்னொரு வாசகருக்காகவே மதிப்புரை எழுதப்படுகிறது. எழுத்தாளருக்கு அதனால் மகிழ்ச்சியோ வருத்தமோ ஏற்படலாம், பதிப்பகத்துக்கு விற்பனை கூடவோ குறையவோ செய்யலாம். அவையெல்லாம் பின்விளைவுகள். முன்பின் அறியாத அந்த வாசகருக்குத் தெரிய வேண்டியவை இரண்டு: இவர் நூலைப் படித்தாரா, இவருக்கு இதில் ஏதேனும் ஆதாயம் உண்டா? செந்தில்குமார் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அவரால் எதையும் தீர்மானிக்க முடியாது. அந்தச் செந்தில்குமார் நூலாசிரியரின் மைத்துனர் என்றால், அதுதான் அவருக்குத் தெரிய வேண்டிய செய்தி.

அனுபவம் காட்டுவது

தன் நூலைத் தானே புகழும் வழக்கம் இணையத்தோடு வந்ததல்ல. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855இல் தன் கவிதைத் தொகுப்புக்குத் தானே பெயரில்லாமல் மதிப்புரைகள் எழுதி இதழ்களில் வெளியிட்டார். 2004இல் அமேசானின் கனடா தளத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறு, பெயர் மறைத்து எழுதியவர்களின் உண்மைப் பெயர்களைச் சில நாட்கள் காட்டிவிட்டது. தம் நூலுக்குத் தாமே ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொண்ட எழுத்தாளர்கள் அப்போது வெளிச்சத்துக்கு வந்தார்கள். 2010இல் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஆர்லாண்டோ ஃபைஜீஸ், புனைபெயரில் தன் நூலைப் புகழ்ந்தும் சக எழுத்தாளர்களான ரேச்சல் பொலான்ஸ்கி, ராபர்ட் சர்வீஸ் ஆகியோரின் நூல்களை மட்டம்தட்டியும் எழுதியது வெளிப்பட்டது. முதலில் வழக்கறிஞர் மூலம் மிரட்டல், பிறகு எழுதியது மனைவி என்ற விளக்கம், கடைசியில் ஒப்புதல், இழப்பீடு என்று அந்த விவகாரம் முடிந்தது. அதற்கு ஈராண்டுக்குப் பின், மின்னூல் விற்பனையில் சாதனை படைத்த ஜான் லாக் 300 மதிப்புரைகளைக் காசு கொடுத்து வாங்கியிருந்தார் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

இந்த நிகழ்வுகளில் வாசகரிடம் மறைக்கப்பட்டது நூலோடு இருந்த தொடர்பு. பெயரை மறைத்தது அதற்கான வழி மட்டுமே. காசு வாங்கிக்கொண்டு சொந்தப் பெயரில் ஒருவர் புகழ்ந்திருந்தாலும் வாசகர் அதே அளவு ஏமாந்திருப்பார்.

பெயரில்லாமல் எழுதியும் மதிப்போடு விளங்கிய மரபு ஒன்றும் உண்டு. லண்டனின் டைம்ஸ் இலக்கிய இணைப்பிதழ் 1902இல் தொடங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேல் கையெழுத்தில்லாத மதிப்புரைகளையே வெளியிட்டது. வர்ஜீனியா வூல்ஃபும் டி.எஸ். எலியட்டும் அதில் அப்படித்தான் எழுதினார்கள். 1974இல் ஜான் கிராஸ் ஆசிரியரான பிறகே அந்த வழக்கம் மாறியது. எழுதியவர் யார் என்று வாசகருக்குத் தெரியாது, ஆனால் ஆசிரியருக்குத் தெரியும். எழுதியதற்கு இதழ் பொறுப்பேற்றது. இன்றைய தளங்களில் அந்தப் பொறுப்பாளரின் இடம் காலியாக இருக்கிறது. அதை நிரப்பச் சொல்லித்தான் தளங்களைக் கேட்கிறோம்.

பெயரை ஏன் கட்டாயமாக்கக் கூடாது?

2014இல் அமெரிக்க நாவலாசிரியை கேத்லீன் ஹேல், தன் நூலைக் குறைகூறிப் புனைபெயரில் எழுதிய ஒரு வாசகியின் விவரங்களைத் துருவி எடுத்து, அவர் வீட்டு வாசல் வரைக்கும் போனார். போனதைத் தானே கட்டுரையாகவும் எழுதினார். பெயரை மறைத்திருந்தவருக்கே இந்த நிலை.

நம் ஊரில் ஆபத்து இன்னும் அருகில் இருக்கிறது. ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பி, 2015 ஜனவரியில் அதன் ஆசிரியர் பெருமாள்முருகன் இனி எழுதப்போவதில்லை என்று அறிவித்தார். அந்த நாட்களில், எதிர்ப்பு கிளம்பிய திருச்செங்கோட்டில் குடியிருக்கும் ஒருவர், அந்த நாவல் எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொந்தப் பெயரில் எழுதத் துணிந்திருப்பாரா? சாதி, மதம், பாலுறவு பற்றிய நூல்களை மதிப்பிடும் பெண்கள், அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஆகியோருக்குப் புனைபெயர் ஒரு காப்பு. அதைப் பறித்தால் பொய் எழுதுபவர் வேறொரு பெயரோடு வருவார், உண்மையைச் சொல்ல நினைத்தவர் வராமலே இருந்துவிடுவார்.

பெயரில்லாவிட்டால் அவதூறு பெருகாதா என்பது எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி. பெருக வாய்ப்புண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். அதனால்தான் எழுதுபவரின் அடையாளத்தைத் தளம் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும், நீதிமன்றம் கேட்டால் ஒழிய வெளியிடக் கூடாது என்கிறோம். விமர்சனம் கடுமையாக இருப்பதால் மட்டுமே அது அவதூறு ஆகிவிடாது. நாவல் சலிப்பூட்டியது என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு.

படிப்பதும் வாங்குவதும்

2023 ஜூனில் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட், ரஷ்யாவைக் களமாகக் கொண்ட ஒரு நாவலை அறிவித்தார். உக்ரைன் போர் நடக்கும் வேளையில் இது தகாது என்று கருதிய நூற்றுக்கணக்கானோர், வெளிவராத அந்த நூலுக்குக் குட்ரீட்ஸில் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். அவர் வெளியீட்டை நிறுத்திவைத்தார். எதிர்ப்புத் தெரிவிப்பது அவர்களின் உரிமை. ஆனால் எவரும் படித்திராத நூலுக்கு விழுந்த நட்சத்திரம் அடுத்த வாசகருக்கு எதையும் சொல்வதில்லை.

தளத்தில் வாங்கியவருக்கு மட்டும் ‘சரிபார்க்கப்பட்ட கொள்முதல்’ முத்திரை தருவது இதற்குத் தீர்வாகாது. சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கியவருக்கும், கன்னிமாரா நூலகத்திலோ ஊர்ப்புற நூலகத்திலோ எடுத்துப் படித்தவருக்கும் அந்த முத்திரை கிடைக்காது. வாங்கி, பிரிக்காமலே அலமாரியில் வைத்தவருக்குக் கிடைத்துவிடும்.

தமிழ்ச் சூழலில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமேசானின் ‘பென் டு பப்ளிஷ்’ எழுத்துப் போட்டியில் 2018இல் தமிழும் இடம்பெற்றது. முதற்கட்டத் தேர்வில் வாசகர் வரவேற்பும் கணக்கில் கொள்ளப்பட்டது. மதிப்புரைகளின் எண்ணிக்கை பரிசுக்கு வழியாகும் இடத்தில், ‘என் புத்தகத்துக்கு நீங்கள் போடுங்கள், உங்களுக்கு நான் போடுகிறேன்’ என்ற பண்டமாற்று முளைப்பது இயல்பு. நண்பர்கள் உண்மைப் பெயரிலேயே ஐந்து நட்சத்திரம் போடும்போது பெயர்க் கட்டாயம் அதைத் தடுக்காது.

நாங்கள் கோருவது

தளங்களிடம்: ஒருவருக்கு ஒரு கணக்கு என்பதைச் சரிபாருங்கள். நூலோடுள்ள தொடர்பைச் சொல்லத் தனிக் கட்டம் வையுங்கள். வெளிவராத நூலுக்கு நட்சத்திரத்தைத் திறக்காதீர்கள். மதிப்புரையை நீக்கினால் எழுதியவருக்குக் காரணம் சொல்லுங்கள்.

எழுத்தாளர்களிடமும் பதிப்பகங்களிடமும்: இலவசப் பிரதி கொடுக்கலாம், அதற்கு ஈடாகப் புகழுரை கேட்கக் கூடாது. மதிப்புரையாளர் யார் என்று துப்பறியக் கூடாது.

போட்டி நடத்துபவர்களிடம்: மதிப்புரை எண்ணிக்கையைத் தேர்வு அளவுகோலாக வைக்காதீர்கள்.

அரசிடம்: இணைய நுகர்வோர் மதிப்புரைகளுக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் வெளியிட்ட ஐஎஸ் 19000 என்ற தரநிலை, நிறுவனங்கள் விரும்பினால் ஏற்கலாம் என்ற வகையிலேயே வந்தது. எழுதுபவரைத் தளம் சரிபார்க்க வேண்டும் என்ற அதன் விதியைப் பெரிய விற்பனைத் தளங்களுக்குக் கட்டாயமாக்குங்கள். அமெரிக்காவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி, போலி மதிப்புரைகளையும், நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் அந்தத் தொடர்பைச் சொல்லாமல் எழுதுவதையும் தடை செய்கிறது. எல்லோரும் பெயரை வெளியிட வேண்டும் என்று அது கேட்கவில்லை. அந்த அணுகுமுறையே இங்கும் பொருந்தும்.

எங்களைப் பற்றி

எங்கள் உறுப்பினர்களில் எழுத்தாளர்களும் பதிப்பகங்களில் வேலை செய்பவர்களும் உண்டு. இந்த விதிகள் அவர்களையும் கட்டுப்படுத்தும். உறுப்பினர் ஒருவர் மற்றொரு உறுப்பினரின் நூலுக்கு எங்கே மதிப்புரை எழுதினாலும், அந்தத் தொடர்பை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்ல மனமில்லாதவர் அந்த நூலுக்கு எழுதாமல் விலகியிருக்க வேண்டும்.