ஒப்பிட்டது போதும், கோக்கக் கற்றுக்கொள்வோம்

மரபணு ஆராய்ச்சியில் பெரிய பெயர்களைச் சொல்லச் சொன்னால் என் மாணவர்கள் வாட்சன், கிரிக், சாங்கர் என்பார்கள். யூஜீன் மையர்ஸ் என்று சொல்பவர் அரிது. இத்தனைக்கும் அவர்கள் நாள்தோறும் திறக்கும் ‘பிளாஸ்ட்’ என்ற தேடல் நிரலை 1990இல் உலகுக்குக் கொடுத்த ஐவரில் அவரும் ஒருவர். கணிதம் படித்து, 1981இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். உயிரியல் ஆய்வகத்தில் வளர்ந்தவர் அல்ல. கணினி அறிவியல் ஆசிரியராக நான் அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் எடுத்துச் சொல்வதற்கு அதுவே காரணம்.

மனித ஜீனோம் என்பது ஏறத்தாழ 300 கோடி டிஎன்ஏ எழுத்துகள். 1990களின் கருவிகள் ஒரு வீச்சில் 500 எழுத்துகள் வரைதான் படித்தன. அரசு நிதியில் நடந்த மனித ஜீனோம் திட்டம், முதலில் டிஎன்ஏவைப் பெரிய துண்டுகளாக்கி, எது எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் படிப்பது என்ற வழியில் போனது. 1997இல் ஜேம்ஸ் வெபரும் மையர்ஸும் ஓர் ஆய்விதழில் வேறொன்றைச் சொன்னார்கள்: மொத்தத்தையும் ஒரே தடவையில் சிதறடித்துப் படியுங்கள், கோக்கும் வேலையைக் கணினியிடம் விடுங்கள். அதே ஆய்விதழில் ஃபில் கிரீன் மறுப்பு எழுதினார்.

அந்த மறுப்பில் நியாயம் இருந்தது. நம் ஜீனோமில் ஒரே மாதிரிப் பகுதிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ‘அலு’ என்ற 300 எழுத்துத் தொடர் மட்டும் 10 லட்சம் இடங்களுக்கு மேல் இருக்கிறது. ஒரு பாட்டைக் கண்டபடி நறுக்கிப் போட்டால், பல்லவி வரி உள்ள துண்டை வைத்து அடுத்து எந்தச் சரணம் என்று எப்படிச் சொல்வது? மையர்ஸின் பதில், துண்டின் இரு முனைகளையும் படிப்பது. துண்டின் நீளம் 2,000 எழுத்தா, 10,000 எழுத்தா, 50,000 எழுத்தா என்பது முன்பே தெரியும். ஒரு முனை அலுவுக்குள் மாட்டிக்கொண்டாலும், மறுமுனை அது நிற்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அரசுத் திட்டம் இதை ஏற்கவில்லை. மையர்ஸ் 1998இல் செலெரா என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனார். அங்கே இந்த வழியில் கோத்து, 2000இல் பழ ஈயின் ஜீனோமும் 2001 பிப்ரவரியில் மனித ஜீனோமும் வெளியாயின. மனிதனுக்காகப் படித்தவை 2.7 கோடிக்கும் மேற்பட்ட துண்டுகள். செலெரா அரசுத் திட்டத்தின் தரவையும் எடுத்துச் சேர்த்துக்கொண்டது. மனித குலத்துக்குச் சொந்தமான தகவலைச் சந்தாவுக்கு விற்றதும் எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் வழிமுறை வென்றது. 2002இல் அரசு நிதியில் சுண்டெலி ஜீனோமைப் படித்தவர்களும் முழுவதையும் சிதறடித்துக் கோக்கும் வழியைத்தான் எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கோத்தலுக்குக் கணித அடித்தளமாக ‘சர வரைபடம்’ என்ற கருத்தை 2005இல் எழுதிவிட்டு, புகழின் உச்சியில் அந்தத் துறையை விட்டு விலகினார். விலை மலிந்த புதிய கருவிகள் வந்த காலம் அது. அவை படித்த துண்டுகளோ மிகக் குட்டையானவை. நாளுக்கொரு ஜீனோம் வெளியானது, எல்லாம் ஓட்டை. குட்டைத் துண்டுகளால் கோத்த மனித ஜீனோம்களைச் சோதித்த ஓர் ஆய்வு, அவை இருக்க வேண்டிய நீளத்தில் 16 விழுக்காடு குறைந்திருப்பதை 2011இல் காட்டியது. மையர்ஸ் அந்த ஆண்டுகளில் அமெரிக்காவின் ஜெனீலியா ஆய்வு மையத்தில் நுண்ணோக்கிப் படங்களை அலசினார், எலி மீசையின் அசைவைக் கணினியால் பின்தொடர்ந்தார்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்கு 2012இல் போன பிறகுதான் மீண்டும் கோத்தலுக்கு வந்தார். 10,000 எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கும் கருவி வந்திருந்தது. ஆனால் நூற்றுக்குப் பதினைந்து எழுத்து பிழை. பலர் முகம் சுளித்தார்கள். மையர்ஸ் கவனித்தது பிழையின் அளவை அல்ல, அதன் இயல்பை. பிழைகள் ஒரே இடத்தில் விழாமல் சிதறி விழுந்தால், அதே பகுதியைப் பல முறை படித்துப் பெரும்பான்மையை எடுத்தால் போதும். துண்டு குட்டையாக இருப்பதற்கோ எத்தனை முறை படித்தாலும் மருந்தில்லை. அந்தத் தெளிவின் பலன் 2018இல் வந்தது. வெட்டிய கால் மீண்டும் முளைக்கும் ஆக்ஸலாட்டில் என்ற நீர்வாழ் உயிரியின் ஜீனோமை, மனிதனுடையதைப் போலப் பத்து மடங்கு பெரியதை, 3,200 கோடி எழுத்துகளை, அவர் பங்கேற்ற குழு கோத்தது. பல முதுகெலும்பிகளுக்கு இன்றியமையாத பாக்ஸ்3 என்ற மரபணு அதில் இல்லவே இல்லை என்று கண்டார்கள். ஒன்று ‘இல்லை’ என்று சொல்ல, முழுவதும் கோத்தவனுக்குத்தான் உரிமை உண்டு.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். ஜீனோம் இந்தியா திட்டம் 83 மக்கள் குழுக்களில் இருந்து சுமார் 10,000 பேரின் டிஎன்ஏவைப் படித்து, 2025 ஜனவரியில் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. பெருமைக்குரிய வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் படித்தவை குட்டைத் துண்டுகள். அவற்றைக் கோக்கவில்லை, சர்வதேச மாதிரி ஜீனோமுடன் ஒப்பிட்டார்கள். அந்த மாதிரியில் சுமார் 70 விழுக்காடு, நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரில் டிஎன்ஏ கொடுத்த ஒரே ஒருவருடையது. அவரிடம் இல்லாத நீண்ட பகுதி நம்மிடம் இருந்தால், ஒப்பீட்டில் அது எளிதில் அகப்படாது. உறுப்பு மாற்றுக்குப் பொருத்தம் பார்க்கும் எச்எல்ஏ பகுதி ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுவது. அங்கே இந்த முறை தடுமாறும்.

இதைப் புரியவைக்க வகுப்பில் ஒரு பயிற்சி கொடுக்கிறேன். முதலில் சாங்கர் குழு 1977இல் படித்த ஃபைஎக்ஸ்174 என்ற வைரஸின் 5,386 எழுத்துகளை நறுக்கிக் கொடுப்பேன். மாணவர்கள் எழுதும் சின்ன நிரலே அழகாகக் கோத்துவிடும். அடுத்து ஈ.கோலை பாக்டீரியா, 46 லட்சம் எழுத்துகள். 150 எழுத்துத் துண்டுகளில் நிரல் திணறி நிற்கும், முடிவு சிதறிக் கிடக்கும். ரைபோசோம் மரபணுக் கொத்து ஒன்று, சுமார் 5,000 எழுத்து நீளத்தில், அதில் ஏழு இடங்களில் கிட்டத்தட்ட அப்படியே வருகிறது. ஒரு மாணவி அதனால் கோத்தலில் உருவாகும் கிளைகளைத் தாளில் வரைந்து, எந்த வழியில் உள்ளே வந்தாலும் ஏழு வழிகளிலும் வெளியேறலாம் என்று காட்டினாள். 10,000 எழுத்துத் துண்டுகளைக் கொடுத்தபோது அதே கிளைகள் ஒரே வளையமாக மூடிக்கொண்டன. தரவு இணையத்தில் இலவசம், சாதாரண மடிக்கணினி போதும். ஆனாலும் நம் கல்லூரிகள் பலவற்றில் உயிர்த்தகவலியல் பாடம் என்பது, யாரோ எழுதிய மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதோடு முடிந்துவிடுகிறது.

மனித ஜீனோம் ஓட்டையில்லாமல் முழுமையாகக் கோக்கப்பட்டது 2022இல்தான். ஏறத்தாழ 20 கோடி எழுத்துகள் புதிதாகக் கிடைத்தன. அந்த வேலைக்கும் அடித்தளம் சர வரைபடம்தான். ஜீனோம் இந்தியாவின் அடுத்த கட்டத்துக்கு நிதி ஒதுக்குபவர்களிடம் என் கோரிக்கை இரண்டு. இன்னொரு லட்சம் பேரை ஒப்பிடுவதற்கு முன், அந்த 83 குழுக்களில் ஒவ்வொன்றிலிருந்தும் சிலருடைய ஜீனோமையாவது நீண்ட துண்டுகளால் முழுமையாகக் கோத்து வெளியிடுங்கள். அந்த நிதியில் ஒரு பங்கைக் கருவி வாங்கப் பயன்படுத்தாமல், வழிமுறைகளைத் தாமே எழுதக்கூடிய கணித, கணினி மாணவர்களுக்கு ஆய்வு உதவித்தொகையாகக் கொடுங்கள்.