பாப்கார்ன் 131 ரூபாய், ஹாலோவீன் 1,600 ரூபாய்

தீபாவளி முடிஞ்சு ரெண்டு நாள்கூட ஆகல, சித்தப்பா பொண்ணுகிட்ட இருந்து வாட்ஸ்அப்ல ஒரு ஸ்கிரீன்ஷாட். சென்னையில ஓஎம்ஆர் பக்கம் வேலை பார்க்கிறா. ரெண்டு வருஷ அனுபவம். கைக்கு வர்ற சம்பளம் 45,000.

"அண்ணே, 31-ஆம் தேதி ஆபீஸ்ல ஹாலோவீன். ஆளுக்கு ஒண்ணு கொண்டு வரணும். நான் வெளிய வாங்கல, வீட்லயே பாப்கார்ன் செய்யப் போறேன். காசு மிச்சம்தானே?"

ஸ்கிரீன்ஷாட்ல இருந்தது அவளோட ஆன்லைன் கார்ட். நான் தொழில்ல ஆடிட்டர். பில்லைக் கண்டா வரி வரியாப் படிக்கிற பழக்கம்.

பாப்கார்ன் சோளம் 1 கிலோ 190. வெண்ணெய் 100 கிராம் 60. மார்ஷ்மெல்லோ 180. ஃபுட் கலர் செட் 160. ஆரஞ்சு-கருப்பு பேப்பர் கப் 240. மண்டை ஓடு வடிவ சிலிக்கான் அச்சு 350. பூசணி எல்ஈடி சரம் 390. கண்ணு மாதிரி மிட்டாய் 220. டெலிவரி, ஹேண்ட்லிங் 60. மொத்தம் 1,850 ரூபாய்.

இதுல பாப்கார்னுக்குத் தேவையானது சோளமும் வெண்ணெயும் மட்டும்தான். அது 250 ரூபாய். மிச்சம் 1,600 ரூபாய் ஹாலோவீனுக்கு.

"வீட்ல செஞ்சா காசு மிச்சம்"னு நாம எல்லாரும் சொல்றோம். பாதி உண்மை. சாப்பாட்டை வீட்ல செஞ்சுட்டு, தீமைக் கடையில வாங்கினா மிச்சம் எதுவும் நிக்காது. இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது இதுதான்: பண்டிகை பில்லை ரெண்டாப் பிரிங்க. வாய்க்குள்ள போறது எவ்வளவு, கண்ணுக்குக் காட்டுறது எவ்வளவு. முதல் பாதி பெரும்பாலும் சின்னத் தொகைதான். ரெண்டாவது பாதியைக் கையால செய்ய முடியுமான்னு பாருங்க.

ஹாலோவீன் நமக்கு எதுக்கு?

இந்தக் கேள்வியைக் கமென்ட்ல கேட்கப் போறவங்களுக்கு முன்னாடியே பதில் சொல்லிடுறேன். நான் அந்தக் கட்சி இல்ல. டீமோட சேர்ந்து ஒரு சாயங்காலம் சிரிச்சுட்டுப் போறதுல தப்பு இல்ல. இன்னும் சொல்லப்போனா, இந்தப் பலகாரம் நமக்குப் புதுசும் இல்ல.

2025-ல அக்டோபர் 1 ஆயுத பூஜை. பொரி கடலை சாப்பிட்டோம். டிசம்பர் 3 திருக்கார்த்திகை. மறுபடியும் பொரி, வெல்லப்பாகு, பொரி உருண்டை. நடுவுல அக்டோபர் 31-க்கு வர்றது அமெரிக்காக்காரன் பொரி. அங்கேயும் ஹாலோவீனுக்குப் பாப்கார்னைச் சர்க்கரைப் பாகுல புரட்டி உருண்டை பிடிச்சு, வீடு தேடி வர்ற பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வழக்கம் ரொம்ப நாள் இருந்துச்சு. 1970-கள்ல, முகம் தெரியாதவங்க வீட்டுப் பண்டத்துல ஏதாவது கலந்திருக்குமோன்னு ஒரு பயம் பரவி, வீட்டு உருண்டை குறைஞ்சு பாக்கெட் மிட்டாய் அந்த இடத்தைப் பிடிச்சது. ஆக, வீட்ல செய்றதுதான் அந்தப் பண்டிகைக்கும் பழைய வழக்கம். அச்சும் எல்ஈடியும் பின்னாடி வந்த வியாபாரம்.

12 பேருக்கு 131 ரூபாய்: கணக்கு

அவ டீம்ல 12 பேர். 50 கிராம் சோளம் நல்லாப் பொரிஞ்சா 7, 8 கப் வரும். 250 கிராம் போட்டா ஆளுக்கு மூணு கப் தாராளமா வரும். பாதி இனிப்பு, பாதி காரம்னு வச்சுக்குவோம்.

சோளம் 250 கிராம் 48 ரூபாய். வெல்லம் கால் கிலோ 18. வெண்ணெய் 50 கிராம் 30. எண்ணெய் 10. பொடி, உலர் திராட்சை 15. கேஸ் 10. மொத்தம் 131. ஆளுக்கு 11 ரூபாய். உங்க ஏரியா விலையைப் போட்டு நீங்களே ஒரு தடவை கூட்டிப் பாருங்க.

செய்முறை ரொம்ப எளிது. அடி கனமான பாத்திரத்துல எண்ணெயைக் காயவிட்டு மூணே மூணு சோளம் போடுங்க. மூணும் வெடிச்சதும் மிச்சத்தைப் போட்டு மூடி, பாத்திரத்தை அப்பப்போ ஆட்டிக்கிட்டே இருங்க. மூடியில லேசா ஒரு இடைவெளி விடணும். ஆவி வெளிய போகலன்னா பாப்கார்ன் ரப்பர் மாதிரி ஆகிடும். ரெண்டு வெடிக்கு நடுவுல ரெண்டு மூணு விநாடி இடைவெளி வந்தா அடுப்பை அணைச்சிருங்க. 250 கிராமையும் ஒரே தடவையில போடாதீங்க, அஞ்சு ஈடாப் போடுங்க.

இனிப்புக்கு: வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணியில கரைச்சு வடிகட்டிக் காய்ச்சுங்க. ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு உருட்டினா கெட்டியா உருளணும். தட்டுல போட்டா 'டங்'னு சத்தம் வரணும். அம்மாகிட்ட கேட்டா கார்த்திகைப் பாகு பதம்னு உடனே சொல்லிடுவாங்க. பாகைப் பாப்கார்ன்ல ஊத்திக் கரண்டியால கிளறி, கை பொறுக்கிற சூட்டுல, கையில அரிசி மாவு தொட்டுக்கிட்டு உருண்டை பிடிங்க. அவசரப்பட்டுக் கையை விட்டுடாதீங்க. பாகு ஒட்டினா கொப்புளம்தான்.

வெல்லப்பாகோட நிறமே பூசணி நிறத்துக்குப் பக்கத்துல வரும். கலர் செட் எதுக்கு? ரெண்டு கருப்பு திராட்சையைக் கண்ணா வச்சா பேய் ரெடி. 2024 பிப்ரவரியில ரோடமின்-பி சாயம் கலந்ததுன்னு பஞ்சு மிட்டாய்க்கே தமிழ்நாட்டுல தடை போட்டாங்க, ஞாபகம் இருக்கா? எதுல இருந்து வருதுன்னு தெரியாத கலரை ஆபீஸ்ல யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

காரத்துக்கு: வெண்ணெயை உருக்கி, மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், உப்பு. இல்லன்னா ஊர்ல இருந்து அம்மா கொடுத்துவிட்ட இட்லிப் பொடி. கப்புக்குப் பதிலா வெள்ளைப் பேப்பர்ல கூம்புப் பொட்டலம் சுத்தி, வெளிப்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால பேய் மூஞ்சி வரைங்க. நியூஸ்பேப்பர் மட்டும் வேண்டாம், அச்சு மை சாப்பாட்டுல ஒட்டும். டீம்ல யாராவது சின்னப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்தா, நாலு வயசுக்குக் கீழ இருந்தா பாப்கார்ன் கொடுக்காதீங்க. தொண்டையில அடைச்சுக்கும்.

வீட்ல செஞ்சா நஷ்டம் வர்ற இடங்களும் இருக்கு

ஒரு பக்கக் கணக்கு மட்டும் சொன்னா அது ஆடிட் இல்ல.

முதல்ல, சோளம். எங்க ஊர் மேலநீலிதநல்லூர். சங்கரன்கோவில் பக்கம் மானாவாரிக் காட்டுல மக்காச்சோளம் நிறைய போடுவாங்க. பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகும். "இதைப் போட்டுப் பொரியேன், எதுக்குக் காசு கொடுத்து வாங்குற?"ன்னு அம்மா ஒரு தடவை சொன்னாங்க. போட்டோம். கருகுச்சே தவிர பொரியல. பாப்கார்ன் தனி ரகம். தோல் கெட்டியா இருக்கும், உள்ள சுமார் 14 சதவீதம் ஈரம் இருக்கும். 180 டிகிரி பக்கம் சூடேறும்போது உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி, தோலை உடைச்சுக்கிட்டு வெடிக்குது. தீவனச் சோளத்துல அந்த அமைப்பு கிடையாது. தப்பான சரக்கு சும்மா கிடைச்சாலும் நஷ்டம்தான்.

ரெண்டாவது, 1 கிலோ. கிலோவா வாங்கினா கிராம் விலை குறைவு, சரி. ஆனா மிச்சம் 750 கிராம் டப்பாவை மூடாமக் கிடந்தா ஈரம் போய், பாதி பொரியாம அடியில தங்கும். காத்துப் போகாத டப்பாவுல போட்டு, டிசம்பர் வரைக்கும் சினிமா பார்க்கிற அன்னைக்கெல்லாம் பொரிப்பீங்கன்னா கிலோ வாங்குங்க. இல்லன்னா கால் கிலோ போதும்.

மூணாவது, உங்க நேரம். 45,000 சம்பளத்தை மாசம் 180 மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு 250 ரூபாய். பாப்கார்ன் செய்ய ஒண்ணரை மணி நேரம் ஆகும். அப்போ 375 ரூபாய் நஷ்டமான்னு கேட்பீங்க. அந்த நேரத்துல ரீல்ஸ்தான் பார்த்திருப்பீங்கன்னா நஷ்டம் பூஜ்ஜியம். மறுநாள் ரிலீஸ், ராத்திரி 11 மணிக்குத்தான் ரூமுக்கு வர்றீங்கன்னா வாங்கிட்டே போயிடுங்க. தூக்கத்தை வித்து 200 ரூபாய் மிச்சம் பிடிக்கச் சொல்ல மாட்டேன். வாங்கும்போது பாக்கெட்ல 'யூனிட் சேல் பிரைஸ்'னு சின்னதாப் போட்டிருக்கும், ஒரு கிராம் எத்தனை ரூபாய்னு. அதைப் பாருங்க. டப்பா பெருசா தெரியும், உள்ள பாதி காத்து. ஊர்ல பொரியைப் படியில அளந்து விக்கும்போது காத்து இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், விலையும் அதுக்கேத்த மாதிரி இருக்கும். டின்ல அடைச்சா அது மறந்துடுது.

வரிக்கு மீம் போட்டோம், வட்டிக்குப் போடல

2024 டிசம்பர் 21-ல ஜெய்சல்மேர்ல ஜிஎஸ்டி கவுன்சில் கூடினப்போ பாப்கார்ன்தான் ஹீரோ. உப்பு, மசாலா போட்டு உதிரியா வித்தா 5 சதவீதம், பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டினா 12, கேரமல் போட்டா மிட்டாய்க் கணக்குல சேர்ந்து 18. நாடு முழுக்க மீம். நானும் ரெண்டு ஃபார்வர்டு பண்ணேன். 2025 செப்டம்பர் 22-ல இருந்து 12 சதவீத அடுக்கே போயாச்சு. உப்பு-மசாலா பாப்கார்ன் உதிரியோ பாக்கெட்டோ 5 சதவீதம்தான்.

ஆனா ஒரு கணக்கைப் பாருங்க. தியேட்டர்ல 400 ரூபாய் கொடுத்து வாங்குற டப்ல 5 சதவீத வரி சுமார் 19 ரூபாய். மிச்சம் 381 ரூபாய் அவங்க வச்ச விலை. 19 ரூபாய்க்குக் கோபப்பட்டோம், 381-ஐக் கேள்வி கேட்காமக் கொடுத்தோம்.

இப்போ என் தங்கச்சி விஷயத்துக்கு வர்றேன். அந்த 1,850-ஐ எதுல கட்டப் போறேன்னு கேட்டேன். "கார்டுலதான்." கார்டுல ஏற்கெனவே பாக்கி இருக்கா? கொஞ்ச நேரம் பதில் இல்ல. அப்புறம் வந்துச்சு. செப்டம்பர்ல எடுத்த தீபாவளித் துணி, வீட்டுக்கு ஒரு மிக்சி, ஊருக்கு வர்ற பஸ் டிக்கெட். மினிமம் டியூ மட்டும் கட்டியிருக்கா. பாக்கி 14,000.

மாசம் 3.5 சதவீதம்னு வச்சா வட்டி 490. அந்த வட்டி மேல ஜிஎஸ்டி 18 சதவீதம், 88 ரூபாய். மொத்தம் 578. கேரமல் பாப்கார்னுக்குப் போட்ட அதே 18 சதவீதம்தான். இதுக்கு ஒரு மீம்கூட நான் பார்க்கல.

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இன்னொண்ணு. முழு பில்லும் கட்டாம பாக்கி வச்சா, புதுசா வாங்குறதுக்கு அந்த வட்டியில்லாத நாட்கள் கிடையாது. வாங்கின தேதியில இருந்தே வட்டி ஓடும். அதாவது அந்த 1,850-ம் முதல் நாள்ல இருந்தே 14,000-த்தோட சேர்ந்து வட்டி போடும். மண்டை ஓடு அச்சுக்கும், கண்ணு மிட்டாய்க்கும் சேர்த்து. ஹாலோவீன்ல நிஜமாப் பயப்பட வேண்டியது இதுக்குத்தான்.

என் தீர்ப்பு

கொண்டாடுங்க. 11 ரூபாய் பாப்கார்ன் யாரையும் ஏழையாக்காது. 1,600 ரூபாய் தீம்கூட, கார்டுல பாக்கி இல்லாம, கையில இருக்கிற காசுல, ஆசைப்பட்டு வாங்கினா உங்க இஷ்டம். நான் அதுல தலையிட மாட்டேன். ஆனா போன பண்டிகை பில் முடியறதுக்கு முன்னாடி அடுத்த பண்டிகையைக் கார்டுல தேய்க்காதீங்க. 2025-ல அக்டோபர் 20 தீபாவளி, 31 ஹாலோவீன், அப்புறம் டிசம்பர்ல கிறிஸ்துமஸ், சீக்ரெட் சான்டா, நியூ இயர். ஆபீஸ் காலண்டர்ல பண்டிகை குறையப் போறதில்ல. சம்பளம் மாசம் ஒரு தடவைதான்.

தங்கச்சி கார்டைக் காலி பண்ணிட்டா. பக்கத்துக் கடையில கால் கிலோ சோளம், கால் கிலோ வெல்லம், யுபிஐல கட்டியாச்சு. ராத்திரி அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுப் பாகு பதம் கேட்டிருக்கா. அம்மா எனக்கு போன் பண்ணி, "என்னல இது, கார்த்திகைக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்கு, இப்பவே உருண்டை பிடிக்கா?"ன்னாங்க.

அடுத்த சம்பளத்துல 14,000-ல எவ்வளவு அடைக்கலாம்னு ரெண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கோம். 9,000 முடியுமாம். உங்க கார்டுல பாக்கி இருந்தா, இன்னைக்குச் சோளம் பொரியுற நேரத்துல ஸ்டேட்மென்ட்டை ஒரு தடவை திறந்து பாருங்க. வட்டின்னு ஒரு வரி, அதுக்குக் கீழ ஜிஎஸ்டின்னு ஒரு வரி இருக்கும். அந்த ரெண்டு வரியும் போயிட்டா, டிசம்பர்ல நீங்க எந்தத் தீம் வேணாலும் வாங்குங்க.