சனிக்கிழமைச் சம்பளமும் ஐடிஐ சீட்டும்

பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் மக்கள் நால்வர் சொத்தைப் பிரித்தபோது பாகம் நாலாக விழவில்லை, ஐந்தாக விழுந்தது. ஐந்தாம் பாகம் தருமத்துக்கு. 1926இல் 2,01,000 ரூபாயோடு பி.எஸ்.ஜி. அண்ட் சன்ஸ் சாரிட்டீஸ் பிறந்த இந்தக் கதை கோவைக்காரர்களுக்குத் தாலாட்டு மாதிரி. அதே ஆண்டில் அவர்கள் தொடங்கியது ஒரு தொழிற்கூடம் என்பதைத்தான் நாம் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டில் பம்பும் மோட்டாரும் விற்பனைக்குத் தயாராகும். பக்கத்திலேயே பிள்ளைகள் தொழில் பழகுவார்கள். பாலிடெக்னிக் வந்தது 1939இல். பொறியியல் கல்லூரி 1951இல். பட்டறைதான் மூத்த பிள்ளை.

கொங்கு நாட்டில் தொழிற்கல்விக்குப் பணம் கொடுத்தவர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 1945இல் ஜி.டி.நாயுடு முன்னின்று அன்றைய ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் எழுந்தன. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கு வேர் அது. 1957இல் பொள்ளாச்சியில் நாச்சிமுத்து பாலிடெக்னிக். 1984இல் 41 அறங்காவலர்கள் கூடிப் பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரி. 1997இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் முதலிபாளையத்தில் நிஃப்ட்-டீ கல்லூரி. எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் இந்த வரிசையை ஒருமுறை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும்: கொடுத்த பணமெல்லாம் சுவராக நின்றிருக்கிறது, சுவர் உயர உயரப் பட்டப்படிப்புப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. தப்பு என்று சொல்லவில்லை. கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம். ஒரு பையனின் மூன்று வேளைச் சோற்றில் எங்கே பொறிப்பது?

நான் பேச வருவது அந்தச் சோற்றைப் பற்றி.

அன்னூருக்கு வடக்கே ஒரு ஊரில் பத்தாவது முடித்த பையனின் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தேன். ஐடிஐ என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவில் இடம் கிடைக்கும், அப்ளிகேஷன் போட்டீர்களா என்று கேட்டேன். "இடம் கெடைக்குமுங்க. ரெண்டு வருசம் ஆருங்க ஒக்கார வெச்சுச் சோறு போடறது? மாமன் மகன் திருப்பூர்ல இருக்கறானுங்க. சனிக்கெழமையானா சம்பளத்தைக் கொண்டாந்து அவங்கம்மா கையில குடுத்தர்றானுங்க" என்றார். அவருக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். இருப்பதிலேயே கறாரான கணக்கு அவருடையதுதான்.

அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, மிதிவண்டி, சீருடை, காலணி, பஸ் பாஸ் என்று சேர்க்கை அறிவிப்பிலேயே போட்டுவிடுகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 1,000 ரூபாய். பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000. அதை 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் வைத்தே முதல்வர் தொடங்கினார். ஆக மாதம் 1,750. பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது உதவியாளாக, சேருகிற பையனின் ஒரு வாரச் சம்பளம் இதைத் தாண்டிவிடும். ஐடிஐக்கு எதிரி பொறியியல் கல்லூரி இல்லை, சனிக்கிழமைதான்.

கம்பெனிக்குப் போகிறவன் ஒன்றும் கற்பதில்லை என்று சொன்னால் அது அநியாயம். சாப்பாட்டு நேரத்தில் காலியாகக் கிடக்கும் மெஷினில் உட்கார்ந்து ஓவர்லாக் பழகி, பேட்லாக் பழகி, டெய்லராகி விடுகிறவர்கள் திருப்பூரில் எத்தனையோ பேர். கோவையிலும் கணபதி, ஆவாரம்பாளையம் பட்டறைகளில் டர்னர்கள் அப்படித்தான் உருவானார்கள். ஆனால் அவன் கற்பது பெரும்பாலும் ஒரு மெஷின். வரைபடம் படிக்கத் தெரியாது, கையில் சான்றிதழ் இருக்காது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் திருப்பூர் ஆர்டர்கள் தடுமாறின. அந்த மாதிரி நேரத்தில் ஒரே மெஷின் தெரிந்தவனுக்குப் போக்கிடம் குறைவு.

பெண் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று 'சுமங்கலி' திட்டம் நடந்ததே, அந்தப் பெண்களுக்கு ஏட்டில் வைத்த பெயர் 'அப்ரண்டிஸ்'. பயிற்சி என்ற சொல்லை மலிவான கூலிக்குப் போர்வையாக்கியதும் இதே கொங்கு மண்தான். அதையும் சேர்த்துத்தான் நம் பெருமையைப் பேச வேண்டும்.

ஜி.டி.நாயுடுவின் ஒரு பிடிவாதம் இங்கே நினைவுக்கு வருகிறது. பொறியியலுக்கு நாலு வருஷம் வீண், இரண்டு போதும் என்றார். அன்றைய அரசு ஒத்துக்கொள்ளாததால் அந்தக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பையே விட்டுவிட்டார். அதை ஒரு விசித்திர மனிதரின் குணமாக வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது அவர் பிறந்த கலங்கல் கிராமத்தின் கணக்காகப் படுகிறது. படிப்பு ஒரு வருஷம் குறைந்தால் ஒரு வீடு ஒரு வருஷக் கூலியை இழக்காது. ஜெர்மனியில் இந்தச் சிக்கலை வேறு மாதிரி தீர்த்தார்கள். பையன் வாரத்தில் சில நாள் பள்ளிக்கும் மீதி நாள் கம்பெனிக்கும் போவான்; பழகும் காலத்திலேயே கம்பெனி மாதப்படி கொடுக்கும். நம்மிடமும் 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது. உதவித்தொகையில் கால் பங்கு, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்கிறது. ஆனால் 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான் அப்ரண்டிஸ் வைப்பது கட்டாயம். நாலு லேத், ஆறு ஆள் வைத்து ஜாப் ஆர்டர் எடுக்கும் பட்டறைதான் கோவையின் முதுகெலும்பு. அங்கே முதலாளியே மாதக் கடைசியில் கைமாற்று வாங்கிக்கொண்டிருப்பார்.

அப்படியானால் ஊர் கொடுக்கட்டும். ஊரிடம் பணம் இல்லை என்று மட்டும் சொல்லக் கூடாது. மாரியம்மன் நோம்பி சாட்டிவிட்டால் தலைக்கட்டு வரி எப்படி வந்து சேர்கிறது என்று எல்லோரும் பார்க்கிறோம். கும்பாபிஷேகம் என்றால் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள்கூட அனுப்பிவிடுகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைக் காசை ஊரே கொடுத்தால் என்ன என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது.

அந்த யோசனையில் ஒரு ஓட்டை. கோயில் வரி ஊருக்கு வரி, காலனிக்கு அல்ல. வரி வாங்காத வீட்டுக்குப் பங்கும் போகாது. தொழில் பழகினால் தலைமுறையே மாறக்கூடிய அருந்ததியர் வீட்டுப் பையன்தான் முதலில் விடுபடுவான். தி.சு.அவினாசிலிங்கம் 1930இல் ராமகிருஷ்ண வித்யாலயத்தை ஒரே ஒரு அரிசனப் பையனை வைத்துத் தொடங்கினார். அவர் அந்தக் காலத்தில் எங்கிருந்து தொடங்கினாரோ, அங்கேகூட நம் ஊர்க்கூட்டங்கள் இன்னும் வந்து சேரவில்லை.

எனவே நான் பார்ப்பது பால் சொசைட்டியை. மாடு வைத்திருக்கிறவர் யாரானாலும் ஊற்றலாம். கேன் ஒன்று, பட்டியல் ஒன்று, பட்டுவாடா ஒன்று. நாளைக்கு ஆயிரம் லிட்டர் வரும் சங்கத்தில் லிட்டருக்கு 25 காசு பிடித்தால் மாதம் 7,500 ரூபாய். இரண்டு பிள்ளைகளுக்குத் தலைக்கு 3,750. அரசுப் பணத்தோடு சேர்த்தால் 5,500. கம்பெனிச் சம்பளத்துக்கு ஈடில்லை, ஆனால் அந்த அப்பா யோசித்துப் பார்க்கிற அளவுக்கு வந்துவிடும். 2023 டிசம்பரில் பாலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகையை அரசு அறிவித்தது. அதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் கேட்கிறேன். மகாசபையில் தீர்மானம் போட வேண்டும். மாடில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் உண்டு என்று அதிலேயே எழுதிவிட வேண்டும், இரண்டு இடத்தில் ஒன்று பெண்ணுக்கு என்றும். முக்கியமாக, மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுக்காமல் வாரா வாரம் கொடுக்க வேண்டும்.

இதை ஒரு சொசைட்டியில் பால் ஊற்ற வந்த பெரியவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "படிச்சுப்போட்டு அவன் ஊரை உட்டுப் போயிருவானுங்களே?" என்றார். படிக்காமலும் போகிறானே என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. கேனைக் கவிழ்த்து வடியவிட்டுக்கொண்டே, "அந்த ரெண்டு பேரு ஆருன்னு எழுதறது செயலாளருங்களா, நாமளுங்களா?" என்று கேட்டார். சேர்க்கை ஆணையோடு யார் முதலில் வருகிறார்களோ அவர்கள், யாரும் எழுத வேண்டாம் என்றேன். "அப்படின்னாப் பேசிப் பாக்கலாமுங்க" என்றார்.