கொத்தனாரிடம் பேசத் தெரியாத பொறியாளர்

மாலை ஐந்து மணிக்கு மேல் காட்டாங்குளத்தூரில் தாம்பரம் மார்க்கமாக ரயிலேறுகிறவர்கள் ஒரே பெட்டியில் இரண்டு கூட்டங்களைக் காணலாம். முதுகுப்பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் பொறியியல் மாணவர்கள். சிமென்ட் படிந்த சட்டையும், கரண்டியும் மட்டப்பலகையும் துருத்திக்கொண்டிருக்கும் சாக்குப்பையுமாகக் கட்டட வேலைக்காரர்கள். முன்னவரில் கட்டடவியல் படிக்கும் சிலர் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் பின்னவரை மேற்பார்வை செய்யப் போகிறவர்கள். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர் என்று நிலையங்கள் கடக்கின்றன. ஒரு கூட்டம் மற்றதோடு ஒரு சொல்லும் பேசுவதில்லை. பேசுவதற்கு அவர்களிடம் பொதுவான சொற்களும் இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

2022-23 கல்வியாண்டு முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர்களுக்கு முதலாண்டில் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்ற இரு தாள்கள் கட்டாயமாக்கப்பட்டன. இரண்டாம் தாளில் கட்டுமானத் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் அலகு இருக்கிறது. சங்ககால வீடுகள், சிலப்பதிகாரத்தின் அரங்க அமைப்பு, மாமல்லபுரம், சோழர் கோயில்கள், திருமலை நாயக்கர் மகால், செட்டிநாட்டு வீடுகள் என்று விரிகிற பட்டியல். தமிழ் படித்தவனுக்கு இதைவிட மகிழ்ச்சி வேறென்ன இருக்க முடியும்? நானும் மகிழ்ந்தேன். இந்த அலகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு வகுப்பில், தற்செயலாகத்தான், "தூக்குக்குண்டு என்றால் என்ன?" என்று கேட்டேன். அறுபது பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூலமட்டம்? ரசமட்டம்? மணியாசுக்கட்டை? அமைதி.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது ஒரு மாணவன் பின்னாலேயே வந்தான். "ஐயா, எனக்குத் தெரியும். எங்கப்பா கொத்தனார். தூக்குக்குண்டே வீட்ல ரெண்டு இருக்கு. சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லல."

அவன் மறைத்தது ஒரு சொல்லை அல்ல, தந்தையை. நான்காண்டுக் கல்விக்கு ஈடாக நாம் அவனிடம் வாங்கிக்கொள்ளும் விலை இது. தன் வீட்டு அறிவை அறிவே அல்ல என்று நம்பப் பழக்கிவிட்டு, அந்த அறிவோடு வேலை செய்கிறவர்களை ஆளும்படி அவனை அனுப்புகிறோம்.

விளைவு என்னவென்று கட்டுமானத் தளத்தில் ஒரு மணி நேரம் நின்றால் தெரியும். கலவை இறுகலாக இருக்கிறது. ஆள் இன்னொரு வாளி நீரை ஊற்றுகிறார். புதிதாக வந்த பொறியாளர் "ஸ்ட்ரென்த் போயிடும்" என்கிறார். "இருபது வருஷமா இப்படித்தான் சார் போடறோம்" என்கிறார் மேஸ்திரி. அதற்கு மேல் பொறியாளரிடம் சொல்லில்லை. அவர் படித்தது என்ன? நீருக்கும் சிமென்டுக்குமான எடை விகிதம். விகிதம் 0.5 என்றால் 50 கிலோ மூட்டைக்கு, மணலின் ஈரத்தையும் சேர்த்து, 25 லிட்டர் நீர். சிமென்டுக்குத் தேவையானதைவிட மிகுந்த நீர் பின்னர் வெளியேறும்போது அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாக எஞ்சும். துளை மிகுந்த கான்கிரீட் வலுக்குறையும். ஈரம் உள்ளே புகுந்து கம்பி துருப்பிடிக்கும். இவ்வளவுதான் செய்தி. தமிழாசிரியனான நானே சில வரிகளில் சொல்லிவிட்டேன். தேர்வில் இதை இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதித் தேறியவருக்கு மேஸ்திரியிடம் சொல்ல வரவில்லை.

நீராற்றும் காலமும் அப்படியே. கலப்புச் சிமென்டுக்கும், வறண்ட வெப்பமான சூழலுக்கும் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நெறி 456. தளத்தில் அதற்குப் பெயர் 'தண்ணி விடுறது'. ஏன் பத்து நாள் என்று சொல்லப்படாத ஆள் மூன்றாம் நாளே குழாயைச் சுருட்டி வைப்பதில் வியப்பென்ன?

நிற்க. மறுப்புகள் எனக்குத் தெரியாதவை அல்ல.

"இன்று தளத்தில் தமிழர் எங்கே இருக்கிறார்கள்? ஒடியாவும் வங்காளமும் இந்தியும் பேசுகிறவர்கள்தானே?" என்பார்கள். உண்மை. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டபோது, அவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அக்கட்டடம் மொழிக் குறையால் இடிந்தது என்று நான் சொல்லவில்லை. சொல்வது இது: தான் கற்றதைத் தன் மொழியில் விளக்கத் தெரியாதவர் பிறர் மொழியில் எப்படி விளக்குவார்? தமிழில் தெளிந்தவர் ஆறு மாதத்தில் தளத்து இந்தியைக் கற்றுக்கொள்வார். மனப்பாடம் செய்தவருக்கு எந்த மொழியும் உதவாது.

"தமிழ்வழியைத்தான் முயன்று பார்த்தாயிற்றே" என்பது அடுத்த மறுப்பு. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழில் தொடங்கியது. 2023 மே மாதம், சேர்க்கை குறைந்ததைக் காட்டி, உறுப்புக் கல்லூரிகள் பதினொன்றில் அவற்றை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. எதிர்த்தவர்களில் எத்தனை பேர் தம் பிள்ளையை அங்கே சேர்த்தார்கள் என்று கேட்பது நாகரிகமாகாது. ஆனால் கேட்காமல் இருப்பதும் நேர்மையாகாது. நான் தனிப் பிரிவு கேட்கவில்லை. தனிப் பிரிவு ஏழைப் பிள்ளைகளின் ஒதுக்கிடமாகவே முடிகிறது. எல்லா மாணவரும் ஆங்கிலத்தில் படிக்கட்டும். அதைத் தமிழில் விளக்கவும் கற்கட்டும் என்கிறேன்.

இறுதியாக நம்மவர்களுக்கு. நீரியல் பொறியாளரான வா.செ. குழந்தைசாமி 'குலோத்துங்கன்' என்ற பெயரில் கவிதையும் எழுதினார். அறிவியல் தமிழுக்காக வாதாடவும் செய்தார். அத்தகையவர் வாழ்ந்த மொழியில் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? 'கட்டடமா, கட்டிடமா' என்று நாற்பதாண்டுகளாகச் சண்டையிடுகிறோம். கான்கிரீட்டுக்குக் 'கற்காரை' என்று பெயரிட்டுவிட்டுக் கடமை முடிந்ததென்று எழுந்து போகிறோம். தளத்தில் ஏற்கெனவே புழங்கும் நூற்றுக்கணக்கான சொற்களைக் கேட்க நமக்குச் செவியில்லை. அவை கலைச்சொல் குழுவில் பிறக்காதவை.

நான் கேட்பது சிறிது. அந்த அலகில் சிலம்பின் அரங்கம் இருக்கட்டும். கூடவே ஒவ்வொரு மாணவரும் ஒரு கொத்தனாரிடம் ஐம்பது சொற்களைக் கேட்டு, பொருளோடும் பயன்பாட்டோடும் எழுதி வரட்டும். அதற்கு மதிப்பெண் கொடுங்கள். பருவத்துக்கு இரண்டு நாள் ஒரு மேஸ்திரியை வகுப்புக்கு அழையுங்கள். காட்சிப்பொருளாக அல்ல, ஊதியம் பெறும் ஆசிரியராக. மறுநாள் மாணவர்கள் அவருக்கு நீர் விகிதத்தைத் தமிழில் விளக்கட்டும். விளங்கியதா என்று அவரே மதிப்பெண் போடட்டும்.

அப்படியொரு வகுப்பு நடக்குமானால், என் பின்னால் ஓடிவந்த அந்த மாணவன் முதல் வரிசையில் எழுந்து நின்று விடை சொல்வான்.