வெற்று மண்ணே களையின் விளைநிலம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நாட்களில், நான் களையியல் படித்தவன் என்று அறிந்தவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “வீட்டைச் சுற்றிப் புதராக மண்டிவிட்டது, என்ன மருந்து அடிக்கலாம்?” நகர விளிம்பில் நான்கைந்து சென்ட் மனையில் வீடு கட்டி, சுற்றிலும் கொஞ்சம் மண் விட்டு வைத்திருப்பவர்களின் கேள்வி இது. மருந்து வேண்டாம் என்றால் அடுத்த யோசனையும் தயாராக இருக்கிறது: பேவர் பிளாக் பதித்துவிடுவது. சிறிய முற்றத்துக்கு இரண்டுமே தேவையில்லை என்பது என் நிலைப்பாடு. களையைக் கொல்வதைவிட, அது விதை உதிர்க்காமல் பார்த்துக்கொள்வதும் மண்ணை மூடி வைப்பதும்தான் பலன் தரும்.

கேட்பவர்களின் அச்சத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். முழங்கால் உயரப் புதரில் எலி குடியேறும். எலியைத் தேடிக் கண்ணாடி விரியனும் நாகமும் வரும். குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் சுவரை ஒட்டி இரண்டு, மூன்று அடிக்குச் செடிகொடி இல்லாமல் வைத்திருக்கத்தான் வேண்டும். கொசு விஷயம் சற்று வேறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு புல்லில் முட்டையிடுவதில்லை. சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு போன்றவற்றில் தேங்கும் நீரில்தான் அது பெருகுகிறது. அந்தச் சிரட்டையைப் புதர் மறைத்துவிடுகிறது என்பதால் புதரைக் குறைக்க வேண்டியிருக்கிறது. ஆக, உயரத்தைக் குறைப்பது அவசியம். முற்றம் முழுவதையும் செதுக்கி மொட்டையாக்குவது அவசியமில்லை.

மொட்டையாக்குவதால் களை ஏன் குறைவதில்லை? பல ஆண்டுகளாக உதிர்ந்த விதைகள் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கின்றன. அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் 1879-இல் களை விதைகளை மணலோடு கலந்து புட்டிகளில் அடைத்துப் புதைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் நீண்ட இடைவெளிகளில் ஒவ்வொரு புட்டியாகத் தோண்டி எடுத்து, விதைகளை முளைக்கவைத்துப் பார்க்கிறார்கள். 2021-இல் எடுத்த புட்டியிலிருந்த விதைகள் சில, 142 ஆண்டுகள் கழிந்த பிறகும் முளைத்தன. எல்லாக் களைக்கும் இத்தனை ஆயுள் கிடையாது. எறும்பும் பூஞ்சையும் அழிப்பது போக மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சமே ஒரு முற்றத்துக்கு அதிகம். சிறு விதைகள் பலவும் முளைப்பதற்கு வெளிச்சம் வேண்டும். மண்வெட்டியால் ஆழமாகக் கொத்திப் புரட்டும்போது அடியில் கிடந்த விதைகள் மேலே வருகின்றன. சுத்தமாகக் கொத்திய இடத்தில், அடுத்த மழைக்கு முன்பைவிட அடர்த்தியாகக் களை முளைப்பது இதனால்தான்.

களைக்கொல்லியை அறவே ஒதுக்க வேண்டும் என்று சொல்பவனல்ல நான். வேலைக்கு ஆள் கிடைக்காத பெரும்பரப்புகளில் அதற்கான தேவையை அறிவேன். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பற்றிய அறிவியல் கருத்தும் ஒன்றாக இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் என்று வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த முடிவை ஏற்கவில்லை. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், முற்றத்தைப் பொறுத்தவரை கேள்வி எளியது. கிளைபோசேட் பச்சை இலையில் பட்டால்தான் வேலை செய்யும். மண்ணில் விழுந்ததும் மண் துகள்களோடு ஒட்டிச் செயலிழந்துவிடும். உறங்கும் விதைகளை அது ஒன்றும் செய்யாது. காற்று வீசினால் பக்கத்திலிருக்கும் கறிவேப்பிலையையும் மல்லிகையையும்தான் கருக்கும். உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே கிளைபோசேட்டைப் பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டதையும் நினைவூட்ட வேண்டும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியைப் பற்றி எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. அதை விழுங்கிவிட்டால் முறிவு மருந்து கிடையாது. வீட்டு எல்லைக்குள் அந்தப் புட்டி வரவே கூடாது. உப்பையும் மண்ணெண்ணெயையும் கொட்டுவது மண்ணைக் கெடுக்குமே தவிர வேறு பயன் தராது.

கோரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முற்றத்துக்காரர்களைச் சோர்வடையச் செய்வது அதுதான். இலையைப் பிடித்து இழுத்தால் இலை கையோடு வரும், கிழங்கு மண்ணில் நிற்கும். ஒரு கிழங்கிலிருந்து வேர்த்தண்டு ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று என்று மண்ணுக்குள் சங்கிலியாகத் தொடரும். மூடாக்கையும் பிளாஸ்டிக் தாளையும்கூடக் கோரை முனை துளைத்துவிடும். ஆனால் அதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு: கிழங்குகள் வெயிலில் காய்ந்தால் செத்துவிடும், அடர்நிழலில் செடி தேறாது. நம் விவசாயிகள் கோடை உழவு செய்வதில் இந்த முதல் உண்மை அடங்கியிருக்கிறது. சித்திரை வெயிலில், கோரை உள்ள பகுதியை மட்டும் களைக்கொத்தால் அரையடி ஆழம் கிளறி, கிழங்குகளைப் பொறுக்கி வெயிலில் உலர்த்துங்கள். பிறகு அங்கே சர்க்கரைவள்ளிக் கொடியைப் படரவிடுங்கள். இடையில் தலைகாட்டும் கோரையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீக்கிவந்தால் கிழங்கில் சேமித்த உணவு கரைந்துகொண்டே போகும். ஒரு பருவத்தில் இது தீராது. இரண்டு, மூன்று கோடைகள் பொறுமை வேண்டும்.

பார்த்தீனியத்திடம் தயவு காட்ட வேண்டாம். அது தோல் ஒவ்வாமையையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்கும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூக்கும் முன்பே, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். சீமைக் கருவேல நாற்றையும் சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். மற்றவற்றை ஏன் அழிக்க வேண்டும் என்பதே என் கேள்வி. கீழாநெல்லி, குப்பைமேனி, மூக்கிரட்டை, தும்பை எல்லாம் கணுக்கால் உயரத்தில் இருந்தால் யாருக்கும் இடையூறு இல்லை. வெட்டுக்காயப் பூண்டின் பூவைத் தேடி வண்ணத்துப்பூச்சிகள் வருகின்றன.

பிடுங்கிய இடத்தை அன்றே மூடுவதுதான் மொத்த வேலையிலும் முக்கியமானது. சருகு, தென்னை நார்க்கழிவு, துண்டாக நறுக்கிய தென்னோலை என எதுவானாலும் நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்பினால் விதைக்கு வெளிச்சம் எட்டாது. இதிலும் சிக்கல் உண்டு. சுவரை ஒட்டிப் போட்டால் கரையான் ஏறும். மட்டைகளைக் குவியலாக விட்டால் தேளும் பாம்பும் ஒதுங்கும். அதனால் சுவரிலிருந்து தள்ளி, குவிக்காமல் சீரான பரப்பாகவே போட வேண்டும். நடமாட்டமுள்ள இடத்துக்குப் பொடுதலை நல்லது. மண்ணோடு படர்ந்து, மிதிபட்டாலும் தாங்கும். எல்லை மீறினால் ஓரத்தைச் செதுக்கிவிடலாம். துணி துவைக்கும் நீர் விழாத ஈர நிழலில் வல்லாரை நன்றாக வரும்.

குனிய முடியாத வயதில் இதையெல்லாம் யார் செய்வது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அப்படிப்பட்டவர்கள் நடைபாதைக்கும் வண்டி நிறுத்தவும் மட்டும் கல் பதிக்கட்டும். மாதத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துப் பூக்கும் செடிகளை மட்டும் நீக்கட்டும். முற்றம் முழுவதையும் மூடினால் வெக்கை கூடும், மழைநீர் தெருவுக்கு ஓடும். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில், கூரை நீரைக் குழாய் வழியாக மண்ணுக்கு அனுப்பிவிட்டு முற்றத்து மண்ணைச் சிமென்ட்டால் அடைப்பது முரண். கற்களுக்கு இடையே சேரும் மண்ணில் கோரையும் அருகும் எப்படியும் முளைக்கத்தான் செய்கின்றன.

போகியன்று வீட்டைச் சுற்றித் துப்புரவு செய்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது: விதை முற்றிய செடிகளைத் தனியே ஒதுக்கிவிட்டு, மிஞ்சும் சருகைக் கொளுத்தாதீர்கள், பிடுங்கிய இடத்தின் மேலேயே பரப்பிவிடுங்கள்.